துறை வாசலில் நிற்கிறவர்கள்

கல்லூரி திறந்த முதல் மாதத்தில் எந்த அரசு கலைக் கல்லூரிக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். ஏதோ ஒரு துறையின் வாசலில் மூன்று பேர் நிற்பார்கள். மூவருக்கும் ஒரே சந்தேகம். உள்ளே ஆசிரியர் நாளிதழ்தான் படித்துக்கொண்டிருப்பார். "நீ கேளுடி", "நீயே போடி" என்று முழங்கையால் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள். உள்ளேயிருந்து யாராவது நிமிர்ந்து "என்னம்மா?" என்றால், "ஒண்ணுமில்ல மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். அந்த 'ஒண்ணுமில்ல'வுக்குள் எவ்வளவு இருந்தது என்பது நவம்பர் தேர்வு முடிவு வரும்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

இந்தப் பிள்ளைகள் மந்தமானவர்கள் அல்ல. ப்ளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்தான். ஆனால் பள்ளிக்கூடம் அவர்களுக்கு ஒரு பழக்கத்தை ஊட்டி அனுப்பியிருக்கிறது. தெரியாததைக் காட்டிக்கொள்ளக் கூடாது. எழுந்து நின்று தெரியவில்லை என்றால் திட்டு விழும், பக்கத்து பெஞ்ச் சிரிக்கும். புக் பேக் கேள்விகளை மனப்பாடம் செய்து, தெரியாத கேள்விக்கும் எதையாவது எழுதி ஒரு பக்கம் நிரப்பிவிட்டால் ஓரிரு மதிப்பெண் வந்துவிடும். மறைத்தால் லாபம் என்று பல வருடம் பழகியவர்களை ஒரே நாளில் கல்லூரிக்குள் விடுகிறோம். இங்கே கணக்கு நேர் எதிர். தெரியாதது எது என்று வெளியே சொன்னால்தான் அடுத்த காரியம் நடக்கும்.

ஆய்வகத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பருமனறி பகுப்பாய்வு வைப்போம். பியூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட், குடுவையில் சூடாக்கிய ஆக்சாலிக் அமிலம். வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்து நின்றால் நிறுத்த வேண்டும். ப்ளஸ் டூவிலேயே செய்த டைட்ரேஷன்தான். ஆனாலும் கோட்டு போட்டுக்கொண்டு உள்ளே வந்ததும் முதல் கேள்வி, "மேடம், ரீடிங் எவ்வளவு வரணும்?" வர வேண்டியது எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் மீதியை நோட்டிலேயே முடித்துவிடலாம் அல்லவா! முதல் தடவை 9.8 மில்லி, இரண்டாம் தடவை 10.6 மில்லி வந்தால், 10.6ஐ அழித்து 9.8 என்று எழுதிவிடுவார்கள். இரண்டும் ஒத்துப்போய்விடும். நோட்டு அழகாக இருக்கும்.

அழிக்காமல் 10.6 என்று எழுதி வருகிற பிள்ளை ஒருத்தி இருப்பாள். அவளிடம்தான் எனக்குப் பேச ஏதாவது இருக்கும். பியூரெட்டின் குழாய்க்குக் கீழே காற்றுக்குமிழ் இருந்ததா? அமிலத்தை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கினாயா, இல்லை ஆறவிட்டுவிட்டாயா? பெர்மாங்கனேட் அடர்நிறக் கரைசல், அதனால் மேல் விளிம்பைப் பார்த்துத்தான் அளவெடுக்க வேண்டும். ஒரு தடவை மேலேயும் ஒரு தடவை கீழேயும் பார்த்தாயா? ஐந்து நிமிடத்தில் காரணம் கிடைத்துவிடும், அதற்குப் பிறகு அவள் அந்தத் தவறைச் செய்ய மாட்டாள். 9.8 என்று திருத்தி எழுதியவனுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். மூன்றாம் ஆண்டிலும் அவன் "எவ்வளவு வரணும்?" என்று கேட்டுக்கொண்டுதான் இருப்பான்.

புதியவர்களுக்கு அறிமுகப் பயிற்சி வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று. பொறியியல் கல்லூரிகளுக்கு மூன்று வார அறிமுகத் திட்டம் வந்தது. 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு 'தீக்‌ஷாரம்ப்' என்ற பெயரில் எல்லாக் கல்லூரிகளுக்கும் வழிகாட்டுதல் வெளியிட்டது. விளையாட்டு, கலை, வெளியிடம் பார்த்தல், ஆசிரியரோடு சிறு குழுக்களாக உட்கார்ந்து பேசுவது என்று நல்ல யோசனைகள் அதில் உண்டு. நடைமுறையில் பல இடங்களில் அது கலையரங்கத்துப் பேச்சாகச் சுருங்கிவிடுகிறது. குத்துவிளக்கு, வரவேற்புரை, முதல்வர் உரை, ஒழுங்குமுறைக் குழு உரை, வேலைவாய்ப்பு உரை. மேடையிலிருந்து கீழே மட்டும்தான் பேச்சு போகும். கடைசியில் "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று ஒருவர் கேட்பார். ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிற அரங்கில் யார் எழுந்து கேட்பார்கள்?

ஒரு வருடம் ஒரு தாய் கேட்டார். கடைசி வரிசை, கையில் மஞ்சள் பை. "செமஸ்டர்னா என்னங்கம்மா? பேசுற எல்லாருமே அதச் சொல்றீங்க." முன்வரிசைகளில் சிரிப்பு. அவருடைய மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மேடையில் இருந்த எங்கள் முதல்வர் விவரமானவர். மைக்கை மறுபடி வாங்கி, வருடத்துக்கு இரண்டு பருவம், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பெரிய தேர்வு, ஒன்றில் விட்டதை அடுத்ததில் எழுதலாம், ஆனால் மறுபடி பணம் கட்ட வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். அரங்கில் பாதிக்கு மேல் பெற்றோர் பேனாவை எடுத்தார்கள். சிரித்த வரிசையிலும் சிலர் எடுத்தார்கள்.

அந்த அரங்கில் இருந்தவர்களில் மிகப் பலர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். தொழிற்கல்விக்கு முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று கொடுத்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும், மறு வருடம் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. இவை கதவைத் திறந்துவிட்டன, சந்தேகமில்லை. ஆனால் சான்றிதழால் கொடுக்க முடியாத ஒன்று இருக்கிறது. பட்டதாரி வீட்டுப் பிள்ளைக்கு ஏதாவது புரியாவிட்டால் இரவுச் சாப்பாட்டின்போது அக்காவிடம் கேட்கும், சித்தப்பாவுக்குப் போன் போடும். யாரிடம் போக வேண்டும் என்று அதற்குத் தெரியும். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்த வீடு இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் பார்த்த வித்தியாசம் மூளையில் இல்லை, இதில்தான். ஆகவே அந்தப் பிள்ளை வெளியே கேட்டே ஆக வேண்டும். அதற்குத்தான் அதிகக் கூச்சமும் இருக்கிறது என்பது இதில் உள்ள கொடுமை.

சரி, எதையெல்லாம் கேட்க வேண்டும்? முதலில் உங்கள் பட்டம் எதனால் ஆனது என்று கேளுங்கள். கலை, அறிவியல் படிப்புகளில் பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் முதன்மைப் பாடமும் துணைப் பாடமும், அதற்குப் பின் சுற்றுச்சூழல், விழுமக் கல்வி, நாட்டு நலப்பணித் திட்டம் போன்றவை. 'நான் இயற்பியல் மாணவன், எனக்கெதற்குச் சுற்றுச்சூழல் பேப்பர்?' என்று அலட்சியமாக விட்டு, முதன்மைப் பாடம் எல்லாவற்றிலும் தேறியும் பட்டம் வாங்க முடியாமல் நின்றவர்கள் உண்டு. துணைப் பாடமான கணிதத்தில் முதல் வருடம் விழுகிற அரியர்தான் எங்கள் அறிவியல் பிள்ளைகளைக் கடைசிவரை துரத்தும். உள்மதிப்பீடு எத்தனை, எழுத்துத் தேர்வு எத்தனை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் இது 25, 75. அந்த 25ஐ ஆசிரியர் கருணையோடு போடுகிறார் என்ற எண்ணம் வேண்டாம். எந்தத் தேர்வுக்கு எவ்வளவு, அசைன்மெண்டுக்கு எவ்வளவு என்று கேட்டால் சொல்லக் கடமைப்பட்டவர் அவர்.

வருகைப்பதிவு பற்றி ஒரு வார்த்தை. ஒரு பருவத்துக்குச் சுமார் 90 வேலைநாள், அதில் 75 சதவீதம் வர வேண்டும். கெட்டிக்காரப் பையன் உடனே கணக்குப் போட்டு, 22 நாள் லீவு இருக்கிறது என்பான். அந்த 22இல் அக்கா கல்யாணம், ஊர்க் கொடை, ஒரு காய்ச்சல் எல்லாம் வரும் என்பதை அவன் கணக்கில் சேர்த்திருக்க மாட்டான். முகூர்த்த நாட்களில் மண்டபத்துக்குப் பந்தி பரிமாறக் கேட்டரிங் வேலைக்குப் போகிற பையன்கள் என் வகுப்பில் எப்போதும் இருந்தார்கள். வீட்டுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆவணி மாதத்தில் பின் பெஞ்சு காலியாக இருந்தால் ஏன் என்று எனக்குத் தெரியும். ஆனால் பருவம் முடிந்து ஹால் டிக்கெட் நிறுத்தப்பட்ட பிறகு வந்து அழுவதை விட, ஆகஸ்டிலேயே வகுப்பு ஆசிரியரிடம் நிலைமையைச் சொன்னவர்களுக்கு ஏதாவது வழி செய்ய முடிந்தது.

ஆங்கிலம். தமிழ்வழியில் படித்து ஆங்கிலவழி பி.எஸ்சி.யில் சேர்ந்தவர்களுக்கு முதல் மூன்று மாதம் இருட்டுதான். 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' வகுப்புக்குப் பணம் கட்ட ஓடாதீர்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஒரே பாடத்தை இரண்டு மொழியிலும் தருகின்றன. இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கம் பக்கமாக விரித்து வைத்துக்கொள்ளுங்கள். வினைவேக மாற்றம் என்று நீங்கள் படித்தது உங்களுக்குத் தெரியும். இப்போது அதன் ஆங்கிலப் பெயரை மட்டும் தெரிந்துகொள்கிறீர்கள். பாடம் தெரியாது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி பெயர் தெரியாததுதான் என்று புரியும்போது பாதி பயம் போய்விடும். வகுப்பில் தமிழில் சந்தேகம் கேட்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாகக் கேளுங்கள். திட்டுகிற ஆசிரியரும் இருப்பார், இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அதே பாடத்தை எடுக்கிற இன்னொருவர் பக்கத்து மேசையில் இருப்பார். அவரிடம் போங்கள்.

அலுவலக ஜன்னலுக்குப் போகவும் இதே கூச்சம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் 'புதுமைப்பெண்' திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது, 2022இல் தொடங்கியது. ஆண்களுக்கு 2024இல் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. ஆதி திராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைகள் தனி. வருமானச் சான்று பழையது, வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கவில்லை, பெயரில் இனிஷியல் மாறியிருக்கிறது என்று ஏதோ ஒரு சின்னக் காரணத்தால் பணம் நின்றுவிடும். பக்கத்திலிருப்பவளுக்கு வருகிறது, எனக்கு வரவில்லை என்று தெரிந்தும், போய்க் கேட்காமல் வருடம் முழுக்கச் சும்மா இருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். காசு விஷயத்தைக் கேட்பது கேவலம் என்று வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

ராகிங் பற்றி நான் சுருக்கமாகத்தான் சொல்வேன், ஆனால் கண்டிப்பாகச் சொல்வேன். 1996இல் சிதம்பரத்தில் நாவரசு என்ற முதலாமாண்டு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டார். அதையடுத்து 1997இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. இரண்டு வருடம் வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 1800-180-5522 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் புகார் சொல்லலாம். 'சீனியர் அண்ணன் விளையாட்டுக்குத்தான் செய்தார்' என்று நீங்களாகவே சமாதானம் சொல்லிக்கொண்டு மறைக்க வேண்டிய விஷயம் அல்ல இது. அதற்காக எல்லாச் சீனியர்களையும் கண்டு ஓட வேண்டாம். பழைய வினாத்தாள் எங்கே கிடைக்கும், எந்த நூலகரிடம் கேட்டால் தேடி எடுத்துத் தருவார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை விரும்பிய பாடம் கிடைக்காமல், கலந்தாய்வில் மிச்சமிருந்த இடத்தில் சேர்ந்திருக்கலாம். விலங்கியலில் என்ன 'ஸ்கோப்' இருக்கிறது என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்கு வருகிற உறவுக்காரர் முன்னால் பிள்ளையைக் கேட்டால், அதுவும் வாயை மூடிக்கொள்ளத்தான் பழகும். ஒரு பருவம் விட்டுப் பாருங்கள். பாடம் பிடிக்கவில்லை என்று அது வீட்டில் தைரியமாகச் சொல்ல முடிந்தால், துறைத் தலைவரிடம் வந்து வேறு பாடத்துக்கு மாற வழி உண்டா என்று கேட்க முடியும். மாற்றம் எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்கிற இடத்திலும் அதற்கான நாள் சீக்கிரம் முடிந்துவிடும்.

முதல் பருவத்தில் ஒன்றிரண்டு அரியர் விழுந்தவர்களில் எத்தனையோ பேர் நன்றாக முடித்து, எம்.எஸ்சி. படித்து, சிலர் எங்கள் துறைக்கே ஆசிரியராகவும் வந்திருக்கிறார்கள். அரியரை வீட்டில் சொல்லாமல், தேர்வுக் கட்டணத்துக்குப் பணம் கேட்க முடியாமல், அடுத்த பருவத்தில் அந்தத் தாளை எழுதாமலே விட்டவர்களுக்குத்தான் மூன்றாம் வருடத்தில் ஏழெட்டுத் தாள் சேர்ந்திருக்கும். முடிவு வந்த அன்றே வீட்டில் சொல்லிவிடுங்கள். மதிப்பெண் எதிர்பார்த்ததற்கு மிகவும் குறைவு என்றால் விடைத்தாள் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். அதற்குச் சில நாட்கள்தான் கொடுப்பார்கள். கடைசித் தேதியை வாட்ஸ்அப் குழுவில் பார்த்து நம்பாமல், தேர்வுப் பிரிவு ஜன்னலுக்குப் போய் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.