கிணற்றடி முனியும் ஒரு பேய்ப்படமும்

பேய்ப்படம் என்றாலே எனக்கு ஓர் இளக்காரம். கதவு கிறீச்சிடும், கரும்பூனை பாயும், விரித்த கூந்தலுடன் வெள்ளைச் சேலை உலாவும், இறுதியில் ஒரு மந்திரவாதி வந்து யாவற்றையும் முடித்துவைப்பார். மாணவருக்குப் பகுத்தறிந்து சிந்திக்கக் கற்பிக்கும் ஓர் ஆசிரியன் இதற்கு இரண்டு மணித்தியாலத்தைச் செலவிடுவதா என்பது என் எண்ணம்.

சென்ற விடுமுறையில் நயினாதீவிலுள்ள எங்கள் பழைய வீட்டில் தங்கியிருந்தோம். கடற்காற்று உரத்து வீசிய ஓரிரவு, மகள் தன் மடிக்கணினியில் 'பீட்சா' என்னும் படத்தைப் போட்டாள்.

"அரை மணித்தியாலம் பாருங்கோ, அப்பா. பிடிக்காட்டி எழும்பிப் போங்கோ" என்றாள்.

நான் எழும்பவில்லை.

2012ஆம் ஆண்டு வெளிவந்த அப்படம், குறும்படங்கள் எடுத்துப் பழகிய கார்த்திக் சுப்புராஜ் இயக்கிய முதல் முழுநீளப் படம். முதலீடு சிறிது. கதாநாயகனாக நடித்த விஜய் சேதுபதியும் அந்நாளில் பெரிய நட்சத்திரம் அல்லர். பீட்சா கொண்டு சென்று கொடுக்கும் இளைஞன் ஒருவன் ஒரு பங்களாவுக்குள் அகப்பட்டுக்கொள்கிறான். மின்சாரம் நின்றுவிடுகிறது. அதன்பின் அவனுடைய கைவிளக்கே நமக்கும் கண். அந்த ஒளிவட்டத்துள் விழுவதை மட்டும் காண்கிறோம். எஞ்சிய இருளை நம் மனமே நிரப்பிக்கொண்டு நடுங்குகிறது. 1999இல் அமெரிக்காவில் வெளிவந்த 'பிளேயர் விட்ச் புரொஜெக்ட்' படத்தை எடுத்த இளைஞர்களும், சூனியக்காரியைக் காட்டாமலே உலகை அஞ்சவைத்தவர்கள்தாம். அச்சத்துக்கு அதிகப் பணம் தேவையில்லை போலும்.

இதை நான் முன்பே அறிந்திருக்க வேண்டும். என் சிறுவயதில், இதே வீட்டுத் திண்ணையில், குப்பிவிளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பாச்சி முனிக்கதை சொல்வார். வளவின் பின்புறம், பனங்கூடலோரத்துக் கிணற்றடியில் முனி நிற்குமாம். அதன் உருவத்தை அவர் ஒருநாளும் வருணித்ததில்லை. "பொழுதுபட்டால் அங்கே நிற்கும்" என்பார், அவ்வளவே. பொழுதுபட்ட பின் நாங்கள் எவரும் அப்பக்கம் தலைவைத்தும் பார்த்ததில்லை.

அப்பாச்சி காலமான பின்னரே தந்தையார் எனக்கு உண்மையைச் சொன்னார். தாம் பிறக்குமுன், அப்பாச்சியின் மூத்த மகனை, ஐந்து வயதுப் பாலகனை, அந்தக் கிணறு விழுங்கியிருந்ததாம். அக்காலத்தில் அதற்குக் கட்டு இல்லை. கட்டக் கையில் காசும் இல்லை. ஆகவே அப்பாச்சி கதையால் ஒரு கட்டுக் கட்டினார். நாங்கள் அதைக் கட்டுக்கதை என்று சிரித்தோம்.

'பீட்சா'விலும் ஒரு கதை சொல்லப்படுகிறது. தம் மகளை எண்ணிக் கலங்கும் ஒரு தந்தை அதை நம்பிவிடுகிறார். அதை ஏன் சொன்னார்கள் என்ற முடிச்சை இங்கே அவிழ்த்து, பார்க்காதவர்களின் சுவையைக் கெடுக்க மாட்டேன். ஒன்று மட்டும் சொல்வேன்: அங்கே பிறர் துயரத்தை அறிந்து ஒருவன் கதை பின்னுகிறான், எங்கள் வீட்டிலோ துயருற்றவரே பிறருக்காகக் கதை பின்னினார். பேய் உண்டா இல்லையா என்று வாதிடுவதிலும், கதை சொல்பவரின் மனத்தில் இருப்பது என்னவென்று ஆராய்வதே நன்று.

படம் முடிந்தது. முகங் கழுவ எழுந்த மகள், "அப்பா, கிணற்றடிக்கு நீங்களும் வாங்கோ" என்றாள்.

கைவிளக்குடன் சென்றோம். இன்று அக்கிணற்றுக்கு இடுப்பளவு கட்டு உண்டு. ஆயினும், திரும்பி வரும்வரை நான் மகளின் கையை விடவில்லை.