நிக்கலா, எவர்சில்வரா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

ஹூஸ்டனில் இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பியிருந்தான். பெயர் வேண்டாம். அங்கேயே குடியுரிமை வாங்கி, பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த கடை ஒன்று நடத்துகிறான். ஓர் இரவு யாரோ கத்தியைக் காட்டிக் கல்லாவைக் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கைத்துப்பாக்கி வாங்குவதென்று முடிவெடுத்துவிட்டான். படத்தில் இரண்டு பழைய ரிவால்வர்கள். ஒன்று நிக்கல் முலாம், மற்றது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். "சார், ரெண்டும் வெள்ளையாத்தான் பளபளக்குது. எது நிக்கும்?" என்று கேட்டிருந்தான்.

துப்பாக்கியில் என் அனுபவம் என்.சி.சி.யின் .22 ரைபிளோடு சரி. ஆனால் கேள்வி உலோகத்தைப் பற்றியது. முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவன் சும்மா இருக்க முடியுமா? அவனுக்கு எழுதியதை உங்களுக்கும் தருகிறேன்.

அமெரிக்க ரிவால்வர்களுக்கு நிக்கல் முலாம் பூசுவது 19ஆம் நூற்றாண்டிலேயே பரவிவிட்டது. அப்போது கருமருந்துத் தோட்டாக்கள். சுட்ட பிறகு தங்கும் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். நிக்கல் அதைத் தாங்கியது. அழகும் கூட. லேசான மஞ்சள் கலந்த வெள்ளை, முகம் பார்க்கலாம்.

ஆனால் அது மேல்தோல்தான். ப்ளஸ் டூவில் படித்த மின்வேதி வரிசையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். துத்தநாகம் -0.76 வோல்ட், இரும்பு -0.44, நிக்கல் -0.25. துத்தநாகம் பூசிய வாளியில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். நிக்கலில் கீறல் விழுந்தால் கதை தலைகீழ். நிக்கல் அப்படியே இருக்கும், அடியிலுள்ள இரும்பு கரையும். அந்தச் சின்ன ஓட்டை வழியாகத் துரு உள்ளே பரவி, முலாம் கொப்புளமாகக் கிளம்பும். முழுசாக இருக்கும்வரை காவல், ஓட்டை விழுந்தால் இரும்புக்கு எமன்.

இன்னொரு ஆபத்து சுத்தம் செய்வதில். தாமிர உறை போட்ட குண்டு பாயும்போது குழலுக்குள் தாமிரம் ஒட்டும். அதைக் கரைக்கச் சில திரவங்களில் அமோனியா சேர்ப்பார்கள். சால்ட் அனாலிசிஸில் தாமிர உப்போடு அமோனியம் ஹைட்ராக்சைடு ஊற்றினால் கருநீலம் வருமே, அதே வினைதான். நிக்கலுக்கு அடியில் தாமிரப் பூச்சு கொடுப்பது பல இடங்களில் வழக்கம். கீறல் வழியாக அமோனியா இறங்கினால் அந்தத் தாமிரம் கரையும், மேலே நிக்கல் உரியும். பாலிஷ் போட்டு அழுத்தித் தேய்த்தாலும் முலாம் தேய்ந்துபோகும்.

இனி ஸ்டெயின்லெஸ், நம் வீட்டு எவர்சில்வர். இதில் ஒரு வேடிக்கை. 1912இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லியிடம் வந்த வேலை, துப்பாக்கிக் குழல் அரித்துப்போகாமல் இருக்க வழி தேடுவது. 1913இல் அவர் உருக்கிய, சுமார் 12.8 சதவீதம் குரோமியம் சேர்ந்த எஃகு துருவை எதிர்த்தது. அது முதலில் பெயர் வாங்கியது சாப்பாட்டு மேசைக் கத்தியில். ரிவால்வருக்கு வர அரை நூற்றாண்டு ஆனது. 1965இல் ஸ்மித் அண்ட் வெஸன் கொண்டுவந்த 'மாடல் 60' தான் முதல் ஸ்டெயின்லெஸ் ரிவால்வர்.

இதில் பூச்சே கிடையாது. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகிறது. கீறினால் படலம் தானே மறுபடி உருவாகும். கீறலைத் தேய்த்துப் போக்கலாம், அடியிலும் அதே உலோகம்தான்.

அதற்காக அமரம் என்று நினைக்காதீர்கள். வியர்வை, கடற்காற்று இரண்டிலும் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துப் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஸ்டெயின்லெஸ்ஸும் ஸ்டெயின்லெஸ்ஸும் உரசினால் ஒன்றையொன்று பற்றிப் பிய்த்துக்கொள்ளும். தொடக்க கால ஸ்டெயின்லெஸ் பிஸ்டல்கள் சிலவற்றில் இது பெரிய தொல்லை. எண்ணெய் இதற்கும் வேண்டும்.

அவனுக்கு என் முடிவு: ஹூஸ்டன் புழுக்கமான ஊர், கை வியர்க்கும், ஸ்டெயின்லெஸ் எடு. நிக்கல்தான் பிடித்திருக்கிறது என்றால் குழல் முனையிலும் சிலிண்டர் விளிம்பிலும் கொப்புளம் இருக்கிறதா பார். அமோனியா இல்லாத திரவத்தால் துடை. தோல் உறையிலேயே விட்டுவைக்காதே, தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

கடைசியாக அவன் கேட்காத ஒன்றையும் எழுதினேன். அவன் வீட்டில் ஏழு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். பளபளப்பான எதையும் குழந்தை கை நீட்டி எடுக்கும். நிக்கலோ ஸ்டெயின்லெஸ்ஸோ, அந்தக் கையை எந்த உலோகமும் தடுக்காது. என்.சி.சி.யில் ரைபிள் ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில். சுட்டு முடித்ததும் காலி உறைகளை எண்ணி ஒப்படைக்காமல் ஒரு பையனும் நகர முடியாது. அன்று அதற்காக என்னைத் திட்டியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்! தம்பி, துரு பிடித்தால் வேறு வாங்கலாம். பூட்டுக்கு முதலில் பணம் எடுத்து வை. முடிந்தால் வீட்டுக்கே கொண்டுவராதே.

அமெரிக்காவில் இருக்கும் மற்ற பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால் இன்று இரவே அது எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு வாத்தியாருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.