புரியாத வரியைத் தாண்டாமல்

மாவட்ட மைய நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகளின் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். பக்கம் முழுக்க மஞ்சள் மை. கோடு விழாத வரியே இருக்காது. ஒரே பாடத்தை நாலாவது முறை, ஐந்தாவது முறை என்று படிக்கிறார்கள். உழைப்பில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “இந்தப் பாடத்துல என்னப்பா சொல்லியிருக்கு?” என்று கேட்டால் திணறிப்போகிறார்கள். எப்படிப் படிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

இந்த விஷயத்தில் நான் வழிகாட்டியாகக் கொண்டிருப்பவர் உ.வே. சாமிநாதையர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று அவர் படித்து முடித்திருந்தவை ஏராளம். அந்த ஆண்டு அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் அந்தப் பட்டியலைக் கேட்டு மயங்கிவிடவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. முதலியார் அந்த நூலைக் கொடுத்து, தமக்கே அதைப் பாடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

3145 பாடல்கள். கூடவே நச்சினார்க்கினியரின் உரை. சைவ நூல்களில் ஊறிய ஒருவருக்கு அதிலுள்ள சமண மரபுச் செய்திகள் பிடிபடவில்லை. உரையாசிரியர் துணைகொண்டும் எல்லாம் விளங்கவில்லை. இந்த இடத்தில்தான் சாதாரணப் படிப்பும் தீவிரப் படிப்பும் பிரிகின்றன. ‘போகப் போகப் புரியும்’ என்று நாம் மேலே போய்விடுவோம். ஐயர் புரியாத வரியைத் தூக்கிக்கொண்டு கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போனார். அங்கே போய்ப் பார்த்தால், அவர்கள் மாதக்கணக்கில் சிந்தாமணியைக் கூடியிருந்து படித்து, அது நிறைவேறியதை வீட்டு விசேஷமாகவே கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஏட்டில் விளங்காதது அவர்கள் வாய்மொழியில் விளங்கியது.

உரையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. நச்சினார்க்கினியர் மேற்கோள்களை அள்ளித் தருவார். எந்த நூலிலிருந்து என்று பல இடங்களில் சொல்லமாட்டார். அந்த வரிகளின் மூலத்தைத் தேடியபோதுதான் ஐயர் பழைய ஏட்டுச்சுவடிகளுக்குள் மேலும் மேலும் போனார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. ‘இந்த மேற்கோள் எங்கே இருக்கிறது?’ என்ற கேள்வியை அலட்சியம் செய்யாத ஒருவரால் நமக்குக் கிடைத்த செல்வம் இது.

நம்மில் யாரும் உ.வே.சா. ஆகப்போவதில்லை என்று சொல்லலாம். சரி. ஆனால் அந்தப் பழக்கம் யாருக்கும் கைவரக்கூடியதுதான். நான் கனமான நூல் எதைப் படித்தாலும் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்வேன். இடப்பக்கத்தில் ஆசிரியர் சொல்வதை என் வார்த்தையில் எழுதுவேன். வலப்பக்கம் என் கேள்விகளுக்கு. தமிழக வரலாறு படிக்கிறோம் என்று வையுங்கள். களப்பிரர் காலம் இருண்ட காலம் என்ற வாக்கியம் எங்காவது வரும். இடப்பக்கத்தில் அதை எழுதியாயிற்று. வலப்பக்கத்தில்: ‘இதற்குச் சான்று எது?’ அடிக்குறிப்பைப் பார்த்தால் பெரும்பாலும் வேள்விக்குடிச் செப்பேட்டில் கொண்டுபோய் விடும். அந்தச் செப்பேடு யாருடையது? பாண்டியருடையது. களப்பிரரை விரட்டி ஆட்சியைப் பிடித்த கடுங்கோனின் வழியில் வந்த மன்னன், களப்பிரர் காலத்தில் பறிபோன ஊரைத் திருப்பிக் கொடுத்தபோது வெட்டுவித்தது. அதாவது, சாட்சி சொல்வது வென்ற தரப்பு. இது தெரிந்தபின் ‘இருண்ட காலம்’ என்ற வாக்கியத்தை முன்போலப் படிக்க முடிவதில்லை. செப்பேடு பொய் என்று ஆகிவிடாது. அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற அளவு தெரிந்துவிடுகிறது. ஒரு வாக்கியத்துக்காக ஒரு மாலைப்பொழுது போயிருக்கும். போகட்டும். அந்த ஒரு மாலையில் கற்றது பல அத்தியாயங்களுக்கு உதவும்.

நம் முன்னோர் நூலுக்குள் நுழையும்முன்பே சில கேள்விகளைக் கேட்கச் சொன்னார்கள். ஆக்கியோன் யார், எந்த வழியில் வந்த நூல், யாருக்காக எழுதப்பட்டது, பயன் என்ன என்று பாயிரத்துக்கு இலக்கணமே வகுத்தார்கள். இன்றைக்கு முன்னுரையைத் தள்ளிவிட்டு முதல் அத்தியாயத்துக்குத் தாவுகிறோம். முன்னுரையும் பொருளடக்கமும் படிக்க அரை மணி நேரம் ஆகுமா?

பவணந்தி முனிவரின் நன்னூல் இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன் படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு. மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்வதில். முதலியாருக்குப் பாடம் சொல்ல வேண்டியிருந்ததாலேயே ஐயர் சிந்தாமணியை அந்த ஆழத்தில் படிக்க நேர்ந்தது என்பது என் எண்ணம்.

இந்தக் காலத்து ஆய்வும் அந்தப் பக்கமே நிற்கிறது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்கள் ஒரு சாரார். ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்கள் இன்னொரு சாரார். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை மாறியது: எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள், திரும்பப் படித்தவர்கள் 42. அந்த ஐந்து நிமிட வெற்றிதான் நூலகத்துப் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. படித்த உடனே எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். தேர்வு அறையில் கைவிட்டுவிடும்.

எல்லாப் புத்தகத்தையும் இப்படிப் படிக்க வேண்டியதில்லை. பொழுதுபோக்கு நாவலுக்கு நோட்டு எதற்கு? வேகமாகப் படித்து ரசிக்க வேண்டியதை அப்படியே ரசிக்க வேண்டும். எந்த நூல் நம் வேலைக்கோ சிந்தனைக்கோ அடிப்படையோ, அதற்கு மட்டும் இந்த மரியாதை. ஆண்டுக்கு இரண்டு மூன்று அப்படி அமைந்தால் போதும். ஐம்பது புத்தகம் படித்தேன் என்று கணக்குச் சொல்வதில் எனக்கு மதிப்பில்லை.

தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று ஓர் அத்தியாயம் படித்ததும் மஞ்சள் பேனாவைக் கீழே வையுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் நினைவில் இருப்பதை எழுதுங்கள். எழுத வராத இடத்தை மட்டும் மறுபடி திறந்து பாருங்கள். பிறகு பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் அந்த அத்தியாயத்தைச் சொல்லுங்கள். அவர் குறுக்குக் கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள்.