வினிகர் வாசனை அடிக்கும் ஒரு டப்பா

கொஞ்சம் நீளமான பதிவு. கடைசியில் ஒரு உதவியும் கேட்கப் போகிறேன், அதனால் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

என்னிடம் பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்கு ஹைப்போ நினைவிருக்கும். சோடியம் தயோசல்ஃபேட் என்று கரும்பலகையில் எழுதிய உடனே பாடத்தை விட்டுவிட்டு போட்டோ கழுவும் கதைக்குப் போய்விடுவேன். "சார் மெட்ராஸ் போயிட்டாரு" என்று பின் பெஞ்சில் முணுமுணுப்பது எனக்குக் கேட்கும். கேட்காத மாதிரி இருந்துவிடுவேன். அந்தக் கதையில் வரும் சாத்தூர்க்காரரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

1977 முதல் 1983 வரை நான் மெட்ராஸில் இருந்தேன். மாநிலக் கல்லூரியில் எம்.எஸ்ஸி., பிறகு சில்லறை வேலைகள். தங்கியது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். அறைக்கு மூன்று பேர். அதில் ஒருவர் எழும்பூர் ஓவியக் கல்லூரி மாணவர், சாத்தூர் பக்கம். பெயர் வேண்டாம், நாங்கள் எல்லாரும் அவரை 'சாத்தூரார்' என்றே கூப்பிடுவோம். அவர் படித்த கல்லூரியை 1850-ல் தொடங்கியவர் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற டாக்டர். மெட்ராஸில் புகைப்படச் சங்கம் உருவானதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. சாத்தூரார் இதைப் பெருமையாகச் சொல்வார், ஏதோ ஹண்டர் அவருடைய தாத்தா மாதிரி.

அந்த வருடங்களின் மெட்ராஸை எப்படிச் சொல்வது? காசு இல்லாதவனுக்கும் அங்கே சாயங்காலம் நிறைய இருந்தது. ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை 1977-ல் தொடங்கியிருந்தது. மறு வருடம் ஞாநியின் பரீக்ஷா. 'ழ' மாதிரி சிறுபத்திரிகைகள் கைமாறிக் கைமாறி, மூலை மடங்கி எங்கள் அறைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து சோழமண்டலம் போவோம். கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் உருவாக்கிய ஓவியர் கிராமம். பாத்திக் துணி, கைவினைப் பொருள் என்று விற்றுச் சாப்பாட்டுக்கு வழி செய்துகொண்டு, மிச்ச நேரத்தில் படம் வரைந்தவர்கள். எனக்கு ஓவியம் அவ்வளவாகப் புரியாது. கடற்கரை மணலில் உட்கார்ந்து அவர்கள் சண்டை போடுவதைக் கேட்கப் பிடிக்கும்.

சினிமாவுக்குப் போனால் சாத்தூரார் கதையைப் பார்க்க மாட்டார், வெளிச்சத்தைப் பார்ப்பார். 'முள்ளும் மலரும்' படத்தில் பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவுக்காக மட்டும் எத்தனை முறை போனோமோ! அடுத்த வருடம் 'உதிரிப்பூக்கள்', அசோக்குமார். "ஜன்னல் வெளிச்சத்தைப் பாரும்யா" என்று தொடையில் கிள்ளுவார். எனக்கு வலித்ததுதான் மிச்சம்.

படம் எடுக்க எங்களிடம் இருந்தது ஒரு பழைய ஆக்ஃபா கிளிக். ஃபிலிம், ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ரோல். வெளிநாட்டு ஃபிலிம் கிடைப்பதும் அரிது, கிடைத்தால் வாங்குவதும் அரிது. ஒரு ரோலில் 12 படம். மேன்ஷன் குளியலறையில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் சிவப்பு பல்பை மாட்டி மூன்று தட்டு வைப்போம். முதலில் டெவலப்பர், கடைசியில் ஹைப்போ, நடுவில் தண்ணீர் கலந்த அசிட்டிக் அமிலம். கெமிஸ்ட்ரி என் பொறுப்பு. என்லார்ஜர் கிடையாது. நெகட்டிவையே காகிதத்தின் மேல் வைத்து வெளிச்சம் காட்டி, இரண்டே கால் அங்குலச் சதுரத்தில் பிரதி எடுப்போம். "யாருய்யா உள்ளே, ஊறுகாய் போடுறீங்களா?" என்று வெளியே கதவைத் தட்டுவார்கள். அமிலத்தின் புளிப்பு வாடை அப்படி.

சாத்தூரார் அதிகம் எடுத்தது மூர் மார்க்கெட். சென்ட்ரல் பக்கத்தில், 1900-ல் திறந்த சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, பறவைக் கூண்டு, கடிகார உதிரி, எல்லாம் கிடைக்கும். கடைக்காரரைப் படம் எடுத்தால் மறுவாரம் பிரதியைக் கொண்டுபோய் கையில் கொடுத்துவிடுவார். தனக்கென்று பிரதி வைத்துக்கொண்டதில்லை. அதனால் அங்கே எங்களுக்கு டீ இலவசம். 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. அப்போது நான் நெய்வேலிக்கு வந்து இரண்டு வருடம். பேப்பரில்தான் பார்த்தேன். கடைக்காரர்கள் பிறகு அல்லிக்குளம் பக்கம் மாறினார்கள். பழைய இடத்தில் இப்போது புறநகர் ரயில் முனையம். அங்கே இறங்கும் உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

நான் மேன்ஷனைக் காலி செய்தபோது, "நீர்தான் அரசாங்க அலமாரி வச்சிருக்கப் போற ஆளு" என்று நெகட்டிவ் சுருள்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தார். பிறகு அவர் விளம்பரக் கம்பெனி வேலை, கல்யாணம், பெங்களூர் என்று போனார். ஆறு வருடம் முன்பு காலமானார்.

போன மாதம் அவர் மகள் போன் செய்தாள். "மாமா, அப்பா சின்ன வயசுல எப்படி இருந்தார்னு ஒரு போட்டோ கூட எங்ககிட்ட இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது ஒண்ணுமே இல்ல." கேமரா எப்போதும் அவர் கையில் இருந்தால் அவர் படம் எப்படி இருக்கும்! "பார்க்கிறேன்ம்மா" என்று சொல்லிவிட்டு, இங்கே மகன் குவார்ட்டர்ஸில் பரணிலிருந்து டப்பாவை இறக்கித் திறந்தேன். குபீரென்று அதே ஊறுகாய் வாடை.

பாடம் நடத்தாமல் விட முடியவில்லை, மன்னியுங்கள். அந்தக் கால ஃபிலிம் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிடேட். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். மூடிய டப்பா என்றால் பக்கத்துச் சுருளுக்கும் பரவும். ஃபிலிம் சுருங்கும், வளையும், மேலே உள்ள படப்பூச்சு சுருக்கம் விழுந்து கழன்றுவரும். போனதைத் திருப்ப முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். உங்கள் வீட்டில் அப்பா காலத்து நெகட்டிவ் இருந்தால் இன்றே முகர்ந்து பாருங்கள். வாடை வருவதைத் தனியே பிரியுங்கள். பிளாஸ்டிக் உறையிலிருந்து காகித உறைக்கு மாற்றி, குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். முடிந்தவரை சீக்கிரம் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

டப்பாவில் 14 சுருள். ஜன்னலுக்கு எதிரே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். கடை, கூண்டு, கடைக்காரர், மெரினா படகு, எல்.ஐ.சி. கட்டடம். பதினோராவது சுருளில் ஆறாவது படம் நான் எடுத்தது. 1981. மூர் மார்க்கெட் புத்தகக் கடையில் தரையில் உட்கார்ந்து ஏதோ பழைய பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார் சாத்தூரார். வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது (அவர் சொல்லிக்கொடுத்தபடிதான்). இடது ஓரம் பூச்சு சுருங்கி வரிவரியாக இருக்கிறது. முகத்துக்கு இன்னும் அரை அங்குலம் தூரம்.

இங்கே ஒரு ஸ்டூடியோவில் காட்டினேன். ஃபிலிம் கண்ணாடியில் தட்டையாகப் படிய மாட்டேன் என்கிறது, அழுத்தினால் உடைந்துவிடும் என்றார்கள். நியாயம்தான். எனவே கேட்கிறேன்: சென்னையிலோ பெங்களூரிலோ, சிதைந்த நெகட்டிவ்களை அழுத்தாமல் படியெடுக்கத் தெரிந்தவர்கள் உங்களுக்குப் பழக்கமா? ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் பக்கம் வேலை செய்யும் பழைய மாணவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் எழுதுங்கள். நானே கையில் எடுத்துக்கொண்டு வருகிறேன், கூரியரில் அனுப்ப மாட்டேன். அந்தப் பெண்ணுக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை. படம் கைக்கு வந்த பிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன், அதனால் அவளுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்ச நாள் வாயைத் திறக்காமல் இருங்கள்.