பின் சீட்டுக்கு அடியில் ஓம் விதி

போன பதிவில் முட்டிவலி பற்றி விசாரித்தவர்களுக்கு நன்றி, அது அப்படியேதான் இருக்கிறது. இன்று ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

என் தம்பி மகன் பழைய 1.3 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, சம்பளத்தையெல்லாம் அதிலேயே கொட்டினான். புது கேம் ஷாஃப்ட், பெரிய எக்ஸாஸ்ட், ஈசியூ ரீமேப். அதன்பிறகு 5,500 ஆர்.பி.எம் வரை வண்டி பறக்கிறது. அதற்கு மேல் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் திணறுகிறது. "பெரியப்பா, நீங்க பிசிக்ஸ் வாத்தியார்தானே, என்னன்னு சொல்லுங்க" என்றான்.

கேட்டால் போதாதா? வகுப்பே எடுத்துவிட்டேன். 6,000 ஆர்.பி.எம்மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. 7,000க்குப் போனால் ஸ்பிரிங் தர வேண்டிய விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 36 சதவீதம் கூடுதல். "கேமை மாத்திட்டுப் பழைய ஸ்பிரிங்கையே விட்டிருக்கே, வால்வு மிதக்குது" என்று அடித்துச் சொன்னேன். ஸ்பிரிங்கும் கூலியும் சேர்த்து 17,000 ரூபாய். மாற்றினான். திணறல் அப்படியே இருந்தது.

பிறகுதான் 1996 பேட்ச் மாணவர் ஒருவரின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். கடைசி பெஞ்ச், பலமுறை வெளியே நிறுத்தியிருக்கிறேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.

"சார், நியூட்ரல்ல மிதிச்சா 7,000 போகுதுங்களா?"

போனது, தங்குதடையில்லாமல்.

"அப்ப ஸ்பிரிங் இல்லீங்க சார். வால்வு மிதந்தா லோடு இல்லாட்டியும் மிதக்கும். லோடுல மட்டும் திணறுதுன்னா பெட்ரோல் பத்தலீங்க."

ஆறு வாரத்துக்கு முன்பு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பெட்ரோல் லைனில் பிரஷர் கேஜ் மாட்டி, கண்ணாடிக்கு வெளியே வைப்பருக்கு அடியில் சொருகி, செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டினார்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு நானும் பக்கத்து சீட்டில். (வீட்டம்மாவுக்கு இதைப் படித்துத்தான் தெரியும்.) மூன்றாம் கியரில் 3 பாரில் நின்ற முள், 5,500 தாண்டியதும் 2க்குக் கீழே சரிந்தது.

பின் சீட்டைத் தூக்கி, எஞ்சின் ஓடும்போதே மல்டிமீட்டர் வைத்தார். பேட்டரியில் 14 வோல்ட், பம்பில் 10.6. எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட் முழுக்கத் துரு. 3.4 வோல்ட் அந்தத் துருவிலேயே போயிருக்கிறது. பம்ப் 5 ஆம்பியர் இழுத்தால் துருவின் மின்தடை 0.68 ஓம், எத்தனை வருஷம் போர்டில் போட்ட கணக்கு! பழைய எஞ்சினுக்கு அந்தச் சோனி பம்பே போதுமானதாக இருந்தது. புது எஞ்சின் அதிகம் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. உப்புத்தாளால் தேய்த்து, புது லக் அடித்தார். வண்டி 7,000 போனது. காசு வாங்கவில்லை.

கிளம்பும்போது அவனிடம், "இன்னும் கொஞ்ச நாள் இப்படி மிதிச்சிருந்தா பிஸ்டன் ஓட்டையாயிருக்கும் தம்பி" என்றார். பெட்ரோல் குறைந்த கலவையில் முழு லோடு விழுந்தால் உள்ளே அவ்வளவு சூடு. என் பேச்சை நம்பித்தான் ஆறு வாரமும் மிதித்திருக்கிறான்.

அந்த 17,000ஐ நீட்டினேன். "உங்க பென்ஷன்ல வேண்டாம் பெரியப்பா" என்று கையை விலக்கிவிட்டான். ஒர்க்‌ஷாப்காரர் குறுக்கே வந்து, "ஸ்பிரிங் வீண் இல்லீங்க சார், அந்தக் கேமுக்கு எப்படியும் போட வேண்டியதுதான்" என்றார். நிஜமாகச் சொன்னாரா, வாத்தியாருக்காகச் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.