நன்றி சொல்லாத மனிதர்

வெள்ளி, இரவு

'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' தொடரின் கடைசிக் கதையைப் பார்த்து முடித்தேன். 'தி ரிமோர்ஸ்ஃபுல் டே'. பிரிட்டனின் ஐடிவியில் 2000 நவம்பர் 15 அன்று ஒளிபரப்பானது. மோர்ஸ் இதில் இறந்துவிடுவார் என்பது அன்றைக்கே பலருக்கும் தெரியும்; காலின் டெக்ஸ்டரின் நாவல் முந்தைய ஆண்டே வந்துவிட்டது. எனக்கும் தெரியும். ஆனாலும் ஆக்ஸ்ஃபர்டில், எக்ஸிட்டர் கல்லூரியின் முற்றத்தில் அவர் சரிந்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஃபோரேயின் இரங்கல் இசை ஒலிக்கிறது. துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை, பழிதீர்க்க வந்த பழைய கைதியும் இல்லை. நெஞ்சுவலி, அவ்வளவுதான்.

அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்தது. சாப்பாட்டுக்குப் பதில் பீர், மருத்துவர் சொல்லுக்குப் பதில் வாக்னர் என்று வாழ்ந்த ஆள் வேறு எப்படிச் சாவார்? நாவலில் அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. எழுதிய டெக்ஸ்டருக்கும் இருந்தது.

சனி

தாதி ஒருத்தியின் கொலைதான் கதையின் வழக்கு. யார் கொன்றது, எதற்காகக் கொன்றது எல்லாம் இன்று காலையே பாதி மறந்துவிட்டது. முடிச்சுகள் கொஞ்சம் அதிகம். வேறு கதையாக இருந்தால் குறை சொல்லியிருப்பேன்.

மறக்காதது லூயிஸ். மோர்ஸ் இந்த சார்ஜெண்டை நடத்திய விதத்தை நினைத்துப் பார்க்கிறேன். பீருக்குக் காசு கொடுப்பது பெரும்பாலும் லூயிஸ்தான். சம்பளம் குறைவு, வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதெல்லாம் மோர்ஸுக்கு ஒரு பொருட்டே இல்லை. அறிக்கையில் இலக்கணப் பிழை இருந்தால் திட்டு விழும். பாராட்டு வராது. 1987 தொடங்கி 33 கதைகள் இப்படியே ஓடின.

கடைசியில் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும்போது பக்கத்தில் இருப்பவர் மேலதிகாரி ஸ்ட்ரேஞ்ச். லூயிஸ் வழக்கு வேலையாக வேறெங்கோ. தன் சார்பில் லூயிஸுக்கு நன்றி சொல்லிவிடும்படி ஸ்ட்ரேஞ்சிடம் சொல்கிறார் மோர்ஸ். நேரில் ஒருநாளும் வாயில் வராத வார்த்தை, மூன்றாம் ஆள் வழியாக. பெருமையிலும் கூச்சத்திலும் ஊறிய மனிதருக்கு அதுவே பெரிய காரியம். எழுதியவர்கள் லூயிஸைக் கட்டிலருகே நிறுத்தி இருவரையும் அழவிட்டிருக்கலாம், செய்யவில்லை. பிணவறையில் லூயிஸ் குனிந்து நெற்றியில் முத்தமிடுவதோடு சரி. பிணத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர் மோர்ஸ். அவர் உடலருகே லூயிஸ் மட்டும் நிற்கிறார்.

ஞாயிறு

ஏன் கொன்றீர்கள் என்று கேட்டவர்களிடம், நான் கொல்லவில்லை, இயற்கையாகத்தான் இறந்தார் என்பாராம் டெக்ஸ்டர். குறுக்கெழுத்துப் புதிர்க்காரருக்கே உரிய பதில். மோர்ஸாக நடித்த ஜான் தாவும் அதிக நாள் இருக்கவில்லை. 2002 பிப்ரவரியில் புற்றுநோயில் போனார், வயது 60. அந்தக் கடைசிக் கதையில் அவர் முகத்தில் தெரியும் களைப்பை இப்போது நடிப்பாக மட்டும் பார்க்க முடிவதில்லை.

பிறகு லூயிஸை இன்ஸ்பெக்டராக்கி ஒரு தொடர் வந்தது. மோர்ஸின் இளமைக் காலத்தை வைத்து 'எண்டெவர்' வந்தது. அதில் தாவின் மகள் அபிகெய்ல் பத்திரிகையாளராக நடித்தார். இரண்டும் நல்ல தொடர்கள்தாம். 'எண்டெவரி'ல் அந்த இளைஞன் ஒவ்வொரு முறை கோப்பையைத் தூக்கும்போதும் எக்ஸிட்டர் முற்றம் எனக்கு நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

மாலையில் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, நீங்க இவ்ளோ சொல்றீங்களே, அந்தக் கடைசி ஒண்ணை மட்டும் பாத்தா போதுமா?"

போதாது. அதை மட்டும் பார்த்தால் நோயாளிக் கிழவர் ஒருவர் இறந்தார் என்றுதான் தெரியும். 'தி டெட் ஆஃப் ஜெரிகோ'விலிருந்து ஆரம்பி என்றேன். லூயிஸ் எத்தனை பீருக்குக் காசு கொடுத்தார் என்று பார்த்துவிட்டு வா, பிறகு பேசலாம்.