தேடிய நேரத்துக்கும் கூலி உண்டு

பாலாவியில் பிரிந்து நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டிக்குப் போகும் வீதிக்கு ஒரு புறம் களப்பு, மறுபுறம் கடல். சோளகம் வீசும் மாதங்களில் உப்பு ஈரம் பொனட்டுக்குள்ளும் இறங்குகிறது. ஹெட்லைட் எரியவில்லை என்று இந்த வீதியோரக் கராஜ்களுக்கு வரும் வாகனங்களையும், அவற்றைத் திறக்கும் வயரிங் பாஸ்மாரையும் பார்த்த பிறகு ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. இங்கே கூலி கொடுக்க வேண்டியது பிழையைத் தேடிப் பிடிக்கும் நேரத்துக்கு. நாமோ மாற்றிய சாமானுக்கு மட்டும் காசு கொடுத்துப் பழகிவிட்டோம். எதையும் மாற்றாமல் ஏர்த் வயரைக் கழற்றித் துலக்கி மறுபடி முறுக்கிக் கொடுத்தால், "இதுக்கா இவ்வளவு?" என்று கேட்கிறோம்.

பெட்டரியில் புறப்படும் மின்சாரம் பியூஸ், ரிலே தாண்டிப் பல்புக்கு வருகிறது. அது திரும்பிப் போகும் வழி வாகனத்தின் இரும்பு உடல். வயர் அந்த இரும்போடு சேரும் ஏர்த் மூட்டில்தான் துருவும் பச்சைக் களிம்பும் ஏறுகின்றன. 55 வாட் ஹலோஜன் பல்பு இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் 9 ஆம்பியர் அளவு இழுக்கும். இரண்டுக்கும் பொதுவான ஏர்த் மூட்டில் 0.2 ஓம் தடை ஏறினாலே ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். பல்பைக் கழற்றிவிட்டு மீற்றரை வைத்தாலோ முழு 12 வோல்ட்டும் காட்டும். மின்சாரம் ஓடாதபோது கெட்ட மூட்டும் நல்ல மூட்டைப் போலவே அளவு தரும். அதனால் விபரமான பாஸ் லைட்டை எரியவிட்டபடியே பல்பின் ஏர்த் முனைக்கும் பெட்டரியின் மைனஸுக்கும் இடையில் அளக்கிறார். இன்டிகேட்டர் துடிக்கும்போது ஹெட்லைட்டும் சேர்ந்து மங்கினால், மீற்றருக்கு முன்பே அவர் கை ஏர்த் மூட்டைத் தேடிப் போகிறது. இந்த அறிவுக்கு விலை வைக்காமல் எதற்கு வைப்பது?

பல்பும் கருகத்தானே செய்யும், புதியதைப் போட்டுப் பார்த்தால் என்ன என்பது நியாயமான கேள்வி. ஒரு பக்கம் மட்டும் அணைந்திருந்தால் பல்புகளை இடம் மாற்றிப் பார்ப்பதுதான் முதல் சோதனை. இரண்டும் ஒரே நேரத்தில் நின்றால் இரண்டு இழைகளும் ஒன்றாக அறுந்திருப்பது அரிது. உப்புக்காற்று ஓயாத ஊரில் துலக்கிய மூட்டு நிலைக்குமா என்பது இன்னும் கனமான கேள்வி. துலக்கியதோடு விட்டால் நிலைக்காது. கிரீஸ் பூசி மூட வேண்டும்; உறைக்குள் செம்பு கறுத்த நீளத்தை வெட்டி எறிந்து, படகுகளில் போடுவதுபோல் வெள்ளீயம் பூசிய செம்பு வயரை இணைக்க வேண்டும். இலங்கை 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் மூப்படைந்த வாகனங்களுக்கு இந்த வேலை மிக அவசியம்.

நேரத்துக்குக் கூலி என்றால் பாஸ் வேலையை இழுக்கமாட்டாரா? இழுக்கலாம். அதற்குத்தான் மீற்றர் இருக்கிறது. லைட் எரியும்போது ஏர்த்தில் எத்தனை வோல்ட் போகிறது என்று வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து, இரண்டு எண்ணையும் பில்லில் எழுதி, கீழே "பிழை தேடிய கூலி" என்று தனியாகப் போடட்டும். வாகனக்காரர் அந்த எண்களைப் பார்த்துக் காசு கொடுக்கட்டும்.